புகார் கொடுக்கவே ஆள் இல்லாத செயல் எப்படிக் குற்றமாகிறது?

யாருக்கும் தீங்கு செய்யாத செயலுக்கு எதற்கு ஜெயில், அப்படிப்பட்ட சட்டங்கள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி வந்தாலே பலரும் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதியதற்குப் போய்விடுவார்கள். பிறருக்கு வரும் தீங்கைத் தடுக்க மட்டுமே ஒருவர்மீது அதிகாரம் செலுத்தலாம், அவருடைய சொந்த நன்மை என்பது போதுமான காரணம் ஆகாது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் என் பெரிய கவலை வேறு. இந்தச் சட்டங்களை அமல்படுத்தக் கிளம்பினால் போலீஸ் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்கு ஓடுவார். அடிபட்டவர் காயத்தைக் காட்டுவார். வயது வந்த இருவர் மனமொத்து ஒன்றைச் செய்யும்போது, ஒருவர் விற்று ஒருவர் வாங்கும்போது, அல்லது பந்தயம் கட்டும்போது, இரண்டு பேருமே வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் எப்படிப் பிடிப்பது? ஒட்டுக்கேட்க வேண்டும், ஆள்காட்டிகளுக்குக் காசு கொடுக்க வேண்டும், வாங்க வந்தவர்போல வேஷம் போட வேண்டும்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்து வழக்கு ஒன்று, சோரெல்ஸ் வழக்கு. மதுவிலக்கு அதிகாரி ஒருவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்போல வட கரோலினாவில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். சாராயம் கிடைக்குமா என்று கேட்கிறார், இல்லை என்கிறார் வீட்டுக்காரர். பேச்சு முதல் உலகப் போருக்குத் திரும்புகிறது, இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று தெரியவருகிறது, பழைய கதைகளுக்கு நடுவே அதிகாரி மறுபடி கேட்கிறார், அப்புறம் இன்னொரு தடவையும் கேட்கிறார். கடைசியில் அந்த மனிதர் வெளியே போய் அரை கேலன் விஸ்கியோடு வருகிறார். விலை ஐந்து டாலர். கைது செய்துவிட்டார்கள். அதிகாரியே தூண்டிவிட்டு உண்டாக்கிய குற்றம் என்று குற்றம்சாட்டப்பட்டவர் வாதாடலாம் என 1932இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போர்த் தோழமையைத் தூண்டில் முள்ளாக்கிய அந்த அதிகாரியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு தொடர்பாக அந்த நாட்டில் வந்த பெரிய தீர்ப்புகளைப் பாருங்கள். 1928இல் ஓம்ஸ்டெட் வழக்கு, அது கள்ளச்சாராயம். 1967இல் காட்ஸ் வழக்கு, அது பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பந்தயம் கட்டியது. இரண்டிலுமே புகார்தாரர் கிடையாது. அதனால்தான் அரசாங்கத்துக்கு ஒட்டுக்கேட்கத் தோன்றியது. முதல் வழக்கில் நீதிமன்றம் அதை அனுமதித்தது, கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துத்தான் மாற்றிக்கொண்டது.

இன்னொன்று, புகார் வராதபோது யாரைப் பிடிப்பது என்பது முழுக்கப் போலீஸின் விருப்பமாகிவிடுகிறது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில் இருந்த ஒரு சட்டம், காரணமில்லாமல் சுற்றித் திரிபவர்களையெல்லாம் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதன் கீழ் சிக்கியவர்களில் ஒரே காரில் போன நான்கு பேர் உண்டு: இரண்டு கறுப்பின ஆண்கள், இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். குற்றச்சாட்டு, காரில் சுற்றித் திரிந்தார்களாம்! 1972இல் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

சரி, சட்டங்கள் ஏன் பெருகுகின்றன? ஏதாவது ஒரு மோசடி வெளியே வந்து ஊரே கொந்தளிக்கும்போது, புதிதாக ஒரு தண்டனைப் பிரிவைச் சேர்த்தால் நடவடிக்கை எடுத்ததுபோல் ஆகிவிடும், அதற்கு உடனடிச் செலவும் இல்லை. என்ரான் என்ற பெரிய கம்பெனியின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தில், விசாரணையைத் தடுக்க ஆவணங்களையோ வேறு "பொருளையோ" அழித்தால் 20 வருடம் வரை சிறை என்று ஒரு பிரிவு இருந்தது. குறிவைத்தது கணக்கை மறைக்கும் கம்பெனிகளை. அதே பிரிவை ஒரு மீனவர்மேல் போட்டார்கள். அனுமதித்த அளவைவிடச் சின்ன மீன்களை அதிகாரி கண்டுபிடித்த பிறகு அவற்றைக் கடலில் தூக்கிப் போடச் சொன்னார் என்பது அவர்மேல் புகார். மீனும் ஒரு பொருள்தானே என்றது அரசுத் தரப்பு. 2015இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று மயிரிழையில் தப்பித்தார், அதற்குள் 30 நாள் சிறைத்தண்டனையை அனுபவித்திருந்தார். அவருக்கு எதிராக எழுதிய நீதிபதி ககன்கூட இது மோசமான சட்டம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

நீக்குவதென்றால் மட்டும் யாரும் அவசரப்படுவதில்லை. "ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோகிறவர்" என்ற பட்டத்தைச் சுமக்க எந்த எம்.பி. முன்வருவார்? பிரிட்டனில் அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு, வயது வந்த ஆண்கள் தனிமையில் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமாக இருக்கக் கூடாது என்று 1957இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது 1967இல். நடுவில் பத்து வருடம், மனிதர்கள் கைதாகிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அதற்காகப் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் நான் ஏற்க மாட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் யாரையும் இடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். மிரட்டிப் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண் புகார் கொடுக்காதது பயத்தால், சம்மதத்தால் அல்ல. குழந்தைகள் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவை குற்றமாகவே இருக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு ஜெயில் தவிர வேறு வழிகள் உண்டு. போர்ச்சுகல் 2001இல் செய்ததை நான் ஆதரிக்கிறேன். போதைப்பொருள் அங்கே இன்றும் தடைசெய்யப்பட்டதுதான், விற்றால் ஜெயில்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு, பத்து நாளுக்கு உள்ளான அளவு வைத்திருந்து பிடிபட்டால் கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய குழுவின் முன்னால் போக வேண்டும். பழக்கம் எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று விசாரிப்பார்கள், சிகிச்சைக்கு அனுப்புவார்கள், அபராதம் போடுவார்கள், சில நேரம் எச்சரித்து விட்டுவிடுவார்கள். அதற்காக அவர்மேல் கிரிமினல் வழக்கு கிடையாது.