ரூட் போட்டால் முடிவில்லாமல் போவது ஏன்? வாசகர் கேள்விகள்

வியாசர்பாடி, 9-ஆம் வகுப்பு மாணவி: கால்குலேட்டரில் √7 போட்டால் 2.645751311 என்று நின்றுவிடுகிறது. அப்போ அது பின்னமாக எழுத முடிகிற விகிதமுறு எண்தானே சார்?

திரையில் பத்து இலக்கத்துக்குத்தான் இடம், அதனால் நிற்கிறது கண்ணு. கடைசி இலக்கம் 1. இந்த எண்ணை இதே எண்ணால் பெருக்கினால் 18-ஆவது தசம இடத்தில் ஒரு 1 வந்து உட்காரும். பிறகு விடை சரியாக 7 ஆவது எப்படி? எந்த இலக்கத்தில் நிறுத்தினாலும் இதேதான். 1 முதல் 9 வரை எதன் வர்க்கமும் 0-வில் முடியாது.

கொருக்குப்பேட்டை வாசகர்: தசமம் வேண்டாம், பின்னமாக எழுதலாமே? √2-க்கு 99/70 மிக நெருங்கி வருகிறது.

நல்ல பின்னத்தைப் பிடித்திருக்கிறீர்கள். 99-இன் பகாக் காரணிகள் 3, 3, 11. 70-க்கு 2, 5, 7. வர்க்கப்படுத்தினால் அதே காரணிகள்தான் இரண்டிரண்டாக வரும், புதிதாக எதுவும் நுழையாது. மேலும் கீழும் அடிக்க ஒன்றும் கிடைக்காமல் 9801/4900 என்று நிற்கும். 2-ஐவிட 1/4900 கூடுதல். பழங்கால இந்திய வடிவியல் நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் √2-க்குத் தரும் 577/408-உம் அப்படித்தான், அதன் வர்க்கம் 1/1,66,464 கூடுதல்.

சுருக்கி முடித்த எந்தப் பின்னமானாலும் கீழெண் கரையாது. ஆகவே முழு எண்ணின் வர்க்கமூலம் முழு எண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுதவே முடியாதது. இரண்டேகால், மூன்றரை என்ற பேச்சுக்கே இடமில்லை. வகுப்பில் √2-க்கு மட்டும் நிரூபித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. இந்த ஒரே வழியில் எல்லா எண்ணும் அடங்கிவிடுகிறதே!

1 முதல் 100 வரை எத்தனை எண்களுக்கு வர்க்கமூலம் விகிதமுறு எண்?

பத்துதான்: 1, 4, 9 என்று 100 வரை. மற்ற 90-உம் விகிதமுறா எண்கள்.

தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுப்பவர்: பெரிய எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் திணறுகிறார்கள். சுலப வழி உண்டா?

2, 3, 7, 8-இல் முடிந்தால் அது முழு வர்க்கம் இல்லை, யோசிக்கவே வேண்டாம். மற்றவற்றுக்குக் காரணிகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். 2025 = 3⁴ × 5²; எல்லாம் ஜோடி, விடை 45. 2016 = 2⁵ × 3² × 7; ஒரு 2-உம் ஒரு 7-உம் தனியாக நிற்கின்றன. விடை 12√14.

புளியந்தோப்பு வாசகர்: கேரம் போர்டு செய்கிறேன். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். மூலைக்கு மூலை அளந்தால் டேப்பில் கோட்டின்மேல் விழுவதே இல்லை.

விழாது. அந்த நீளம் 74√2, ஏறக்குறைய 104.65 செ.மீ. உங்கள் கைமேல் குற்றமில்லை அண்ணே. 104.65 என்று வைத்தால் விடுபடுவது 0.02 மில்லிமீட்டர்தான். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கு பக்கமும் 74 இருந்து இதுவும் ஒத்துவந்தால் மூலை நேர்தான்.