சட்டக் கல்லூரிப் பரீட்சை: மலையகப் பிள்ளைகள் கேட்டவையும் அக்கா சொன்னவையும்

இன்று இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சை பற்றி மட்டும் பேசுவோம். காணி வழக்கு, கொடுக்கல் வாங்கல் எதற்கும் இங்கே பதில் கிடைக்காது. பதில் சொல்பவர் ஹட்டன் பக்கம் தொழில் செய்யும் சட்டத்தரணி அக்கா.

மஸ்கெலியா தம்பி: அக்கா, சான்றுக் கட்டளைச் சட்டம் பிரிவு 24 முதல் 27 வரை தலைகீழாகத் தெரியும். ஆனாலும் பிரச்சினைக் கேள்வி வந்தால் புள்ளி விழுவதில்லை. ஏன்?

தலைகீழாகத் தெரிந்ததை நேராக எழுதாததால்தான், தம்பி. கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். பொலிஸ் காவலில் இருக்கும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சொல்கிறான்: “நான்தான் அவனை வெட்டினேன். கத்தியைப் பத்தாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.” பொலிஸார் அவனோடு போகிறார்கள், கத்தி கிடைக்கிறது.

பெரும்பாலானோர் பிரிவு 27ஐ முழுதாக ஒப்புவித்துவிட்டு, “ஆகவே கூற்று ஏற்கப்படும்” என்று முடிக்கிறார்கள். புள்ளி போவது அங்கேதான். முதலில் தடையை எழுதுங்கள். பொலிஸ் அலுவலரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது (பிரிவு 25). பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், நீதவான் நேரில் இருந்தாலொழிய முடியாது (பிரிவு 26). அதற்குப் பிறகுதான் 27. அதில் நாலு விஷயம்: சொன்னவர் குற்றம் சாட்டப்பட்டவரா, காவலில் இருந்தாரா, அந்தத் தகவலின் விளைவாக ஒரு பொருண்மை (நடந்த அல்லது இருக்கும் ஒரு விடயம்) கண்டுபிடிக்கப்பட்டதா, கூற்றின் எந்தத் துண்டு அந்தப் பொருண்மையோடு தெளிவாகத் தொடர்புபடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கேள்வியில் உள்ள ஒரு வரியை எடுத்துப் பொருத்துங்கள்.

இப்போது கூற்றை வெட்டுங்கள். “நான்தான் அவனை வெட்டினேன்” வெளியே. கத்தி இருந்த இடத்தைச் சொன்ன துண்டு உள்ளே. “ஒளித்து வைத்தேன்” என்பதைப் பற்றி ஒரு வரி வாதிடுங்கள். இந்தியாவிலிருந்து போன கோட்டையா வழக்கில் (1947) கோமறை மன்றம், அதாவது லண்டன் பிரிவி கவுன்சில், சொன்னது இதைத்தான்: கண்டுபிடிக்கப்பட்ட பொருண்மை என்பது வெறும் கத்தி அல்ல, அது இருந்த இடமும் எதிரிக்கு அதுபற்றி இருந்த அறிவும். நம் நாட்டுக்கு முருகன் இராமசாமி வழக்கை (1964) சேருங்கள். கடைசியாக, அந்தக் கத்திதான் கொலைக்குப் பயன்பட்டது என்பதை வேறு சாட்சியத்தால் காட்ட வேண்டும். பிரிவு 27 அந்த வேலையைச் செய்யாது. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை.

தலவாக்கலை: நல்ல நோட்ஸ் எங்கே கிடைக்கும்?

சட்டப் புத்தகத்தில். போட்டோகொப்பி நோட்ஸ் கையிலிருந்து கைக்கு வரும், திருத்தம் மட்டும் கூட வராது. அரசியலமைப்புக்கு 2020இல் வந்த 20 ஆம் திருத்தத்தின் பாராளுமன்றப் பேரவையை (உயர் பதவி நியமனங்களில் கருத்துச் சொன்ன சபை) இன்னும் சொல்லித்தரும் நோட்ஸ் சுற்றுகின்றன. 2022இல் 21 ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதுபோல, இலஞ்சச் சட்டத்தை நீக்கி 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் நோட்ஸில் அது இருக்கிறதா?

பண்டாரவளை தங்கச்சி: நோட்ஸ் வேண்டாம் அக்கா, தமிழ்நாட்டு யூடியூப் வகுப்புகள் பார்க்கலாமா?

ஒப்பந்தச் சட்டத்துக்குப் பார்க்கவே வேண்டாம். அங்கே கைமாறு, அதாவது வாக்குறுதிக்குப் பதிலாகத் தரும் ஒன்று, இல்லாமல் ஒப்பந்தம் இல்லை என்பார்கள். இங்கே உரோமன் டச்சுச் சட்டம். நியாயமான காரணம், அதாவது ‘யுஸ்டா கௌசா’ போதும். ஜயவிக்ரம எதிர் அமரசூரிய (1918) வழக்கு அதற்குத்தான். கைமாறு இல்லை என்பதால் ஒப்பந்தம் செல்லாது என்று எழுதினால், பிறகு எவ்வளவு அழகாக எழுதினாலும் கேள்வி போச்சு. சான்றுச் சட்டத்தில் பழைய இந்தியச் சட்டத்தின் பிரிவு இலக்கங்கள் நம்முடையவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் இந்தியா 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்துக்குப் போய்விட்டது. புதிய வீடியோ பார்த்தால் இலக்கமெல்லாம் குழம்பும்.

கண்டி: நாங்கள் மலையகத் தமிழர், கண்டியில் இருக்கிறோம். கேள்வித்தாளில் எங்களைப் போன்ற குடும்பம் வந்தால் தேசவழமையா, கண்டியர் சட்டமா?

இரண்டும் இல்லை. கண்டியர் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. கண்டியில் வீடு வாங்கினால் அது உங்களுக்கு வந்துவிடாது. தேசவழமை தமிழர் எல்லாருக்குமான சட்டமல்ல, வடக்கில் வதிவுள்ள தமிழருக்கானது. வேலுப்பிள்ளை எதிர் சிவகாமிப்பிள்ளை (1910) இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே உங்களுக்குப் பொதுச் சட்டம். திருமணத்துக்கு 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரபுரிமைக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விருப்பாவணம் (உயில்) எழுதாமல் இறந்தால் உயிரோடிருக்கும் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

பரீட்சகருக்குப் பிடித்த கண்ணி ஒன்று உண்டு. நுவரெலியாப் பெண் யாழ்ப்பாணத்து ஆணைக் கட்டுகிறாள். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பிரிவு 3இன்படி, திருமணம் நீடிக்கும்வரை அவளுக்குத் தேசவழமை. ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்டால் விடையும் மாறும். விவாகரத்தும் கேட்பார்கள். கண்டியர் திருமணத்தில் இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே முடியும். பொதுச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும், சம்மதம் மட்டும் காரணமாகாது.

புசல்லாவை: அக்கா, நோட்ஸ் பிடிஎப் இருந்தால்...

தலவாக்கலைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஹப்புத்தளை: தமிழில் எழுதினால் புள்ளி குறையுமா?

(இடையில் ஒருவர்: ஆங்கிலத்தில் எழுதுங்கள் தம்பி. தீர்ப்பெல்லாம் ஆங்கிலத்தில்தானே.)

(இன்னொருவர்: அப்படிச் சொல்லித்தானே 2020இல் வர்த்தமானி போட்டார்கள்? தோட்டப் பாடசாலைப் பிள்ளை எங்கே போகும்?)

(முதலாமவர்: தொழிலுக்கு வந்த பிறகு கஷ்டப்படுவதைவிட இப்போதே கஷ்டப்படலாம்.)

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கும் அந்த விதிமுறைகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்துவிட்டது. எனவே தமிழில் எழுதலாம். புள்ளி குறைவது மொழியாலல்ல, தீர்ப்பைப் படிக்காமல் வழக்கின் பெயரை மட்டும் எழுதுவதால். ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைப் படித்து அதன் பொருண்மையை மூன்று வரியிலும், தீர்மானத்தை இரண்டு வரியிலும் தமிழில் எழுதிப் பழகுங்கள். வாரத்துக்கு நாலு வழக்கு போதும். இதில் முதலாமவர் சொல்வதும் சரி, ஆங்கிலம் வாசிக்காமல் தப்ப முடியாது.

ஆனால் நீங்கள் சண்டை பிடிக்க வேண்டிய மொழி வேறு. நுவரெலியா, ஹட்டன், பதுளை நீதிமன்றங்களில் வழக்குப் பதிவு சிங்களத்தில். தமிழில் பேச அரசியலமைப்பின் உறுப்புரை 24 மொழிபெயர்ப்பு வசதி தருகிறது. ஆனாலும் உங்கள் கட்சிக்காரரின் முறைப்பாட்டையே உங்களால் வாசிக்க முடியாவிட்டால்? சிங்களத்தை இப்போதே பிடியுங்கள்.

(இரண்டாமவர்: அதை அரசாங்கத்திடம் அல்லவா கேட்க வேண்டும்?)

கேளுங்கள். கேட்டுக்கொண்டே படியுங்கள்.

கம்பளை: மேன்முறையீட்டுக் காலம் 14 நாளா, 60 நாளா?

இரண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை பிரிவு 754: மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளில். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் கழியும். பிரிவு 755: மனு 60 நாளில். அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்து. இதில் எதையும் கழிக்க முடியாது. தீர்ப்பு மார்ச் 1 என்றால் ஏப்ரல் 30க்குள். நடுவில் புத்தாண்டு விடுமுறை வந்தாலும் அதே நாள்தான். விடையில் திகதியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.

கொட்டகலை: நுழைவுப் பரீட்சைக்கு என்ன தகுதி?

அந்த வருட வர்த்தமானியைப் பாருங்கள். நண்பர் சொன்னதை நம்பி விண்ணப்பம் அனுப்பாதீர்கள்.

நானுஓயா: அம்மாவுக்குத் தோட்டத்தில் சேவைக்காலப் பணம் தரவில்லை...

பரீட்சை மட்டும் என்றேன். அம்மாவைத் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள் தம்பி, தள்ளிப்போடாதீர்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்துப் போங்கள்.

தலவாக்கலை: அக்கா, சீனியர் ஒருவர் புது நோட்ஸ் என்று தந்தார், 2021ஆம்...

2021ஆ? இருபத்தோராம் திருத்தம் எப்போது வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன், தம்பி.