8 கிலோ ஸ்பிரிங் போடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது போலோ ஜிடி கார். தினமும் ஆபீஸுக்கு, லீவு நாளில் மலைப்பாதைக்கு. காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட்) மாட்டப் போனால் கடைக்காரர் முன்னால் 8 கிலோ ஸ்பிரிங் போடச் சொல்கிறார். சரிதானா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். 8 கிலோ என்றால் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம், உங்கள் காரில் முன்பக்க ஸ்பிரிங் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 300 கிலோதான், அதை வைத்துக் கணக்குப் போட்டால் வண்டி நொடிக்குச் சுமார் 2.5 தடவை ஆடும். அது ரேஸ் டிராக் சமாச்சாரம். சாதாரண கார்கள் 1 முதல் 1.5 வரை, ரோட்டில் ஓட்டும் வேகக்கார வண்டி 2-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 4 கிலோ போட்டால் 1.8 வரும், போதும். குண்டும் குழியுமான வளைவில் டயர் தரையை விட்டு எகிறினால் கிரிப் எங்கிருந்து வரும்?

முன்பக்க எண்ணைப் பின்னால் அப்படியே காப்பியடிக்காதீர்கள், அங்கே எடையும் வேறு, ஸ்பிரிங் உட்காரும் இடமும் வேறு. ஆட்டம் மட்டும் பின்னால் சற்று வேகமாக இருக்கட்டும். வேகத்தடையில் முதலில் ஏறுவது முன்சக்கரம், பின்பக்கம் அதை எட்டிப்பிடிக்க வேண்டுமே. அப்புறம், வண்டியின் உயரத்தை ரொம்ப இறக்காதீர்கள், பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்க ஆரம்பித்துவிட்டால் எந்த ஸ்பிரிங்கும் ஒன்றுதான். டேம்பர், அதாவது ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர், இந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள்.