25% தள்ளுபடி போக 600 என்றால் பழைய விலை எவ்வளவு? எனக்கு 750 வருகிறது, சரியா?

25% போனால் மீதி 75%, அதாவது 0.75; அதனால் 600-ஐ 0.75-ஆல் வகுங்கள். 800 வரும், தள்ளுபடிக்கு முந்தைய விலை அதுதான். உங்களுக்கு 750 வந்ததற்குக் காரணம், 600-உடன் அதன் 25 சதவீதத்தையே கூட்டியிருக்கிறீர்கள்.

கழித்தபோது 25% என்பது 800-இன் கால் பங்கு, அதாவது 200. நீங்கள் திரும்பக் கூட்டியது 600-இன் கால் பங்கு, வெறும் 150. சதவீதம் ஒன்றுதான், அது எந்தத் தொகையின் மேல் என்பதுதான் மாறிவிட்டது. இதில் தடுமாறாதவர்கள் குறைவு, பள்ளியில் இதை இன்னும் அழுத்திச் சொல்லித் தர வேண்டும். 600 மறுபடி 800 ஆக வேண்டுமானால் 200 ஏற வேண்டும். 200-ஐ 600-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33.33%. பாதியாகக் குறைந்த தொகை பழைய நிலைக்கு வர 100% ஏற வேண்டியிருப்பதும் இதனால்தான்.

விடை சரிதானா என்று பார்க்க, அதிலிருந்தே தள்ளுபடியைக் கழித்துப் பாருங்கள். 750-இல் 25% என்பது 187.50, கழித்தால் 562.50, உங்கள் 600 வரவில்லை. 800-இல் 200 போனால் 600, சரியாக வருகிறது.

வேறு கணக்குகளில் மாற்றம் எத்தனை சதவீதம் என்று பார்க்கவும் இதே வழி: எவ்வளவு மாறியது என்பதைப் பழைய தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். புதிய தொகையால் வகுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரசீதில் "25%, அதன் பிறகு மேலும் 10%" என்று இருந்தால் மொத்தத் தள்ளுபடி 35% ஆகாது. 0.75-ஐ 0.90-ஆல் பெருக்கினால் 0.675, அதாவது 32.5% தள்ளுபடி. அப்படியானால் 600-ஐ 0.675-ஆல் வகுக்க வேண்டும்; பழைய விலை சுமார் 888.89.