மச்சானுக்கு எதிராகப் புரொட்டெஸ்ட் போடலாமா?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமைகளில் லேசர் என்ற ஒற்றையாள் பாய்ப்படகுகளில் ரேஸ் விடுகிறோம். அதில் ஒருவர் என் மனைவியின் அண்ணன். மூன்று கிழமைக்கு முன், காற்றை எதிர்த்து ஏறும்போது நான் ஸ்டார்போர்டில் (காற்று வலப்பக்கம்) வந்தேன், அவர் போர்ட்டில் (காற்று இடப்பக்கம்) குறுக்கே வந்தார். "ஸ்டார்போர்ட்!" என்று கத்தினேன். "விடு மச்சான்" என்றார். நான்தான் படகைத் திருப்பினேன். மூன்று இடம் போய்விட்டது. அதே ரேஸில், கீழ் மிதவைக்கு (காற்று போகும் பக்கத்தில் சுற்றித் திரும்பும் மிதவை) அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த நான், வளைவுக்குக் கிட்ட அவருக்கும் மிதவைக்கும் நடுவில் அணியத்தை (படகின் முன்பகுதியை) நுழைத்தேன். அவர் இடம் தரவில்லை, இரண்டு படகும் இடித்துக்கொண்டன. மீட்புப் படகு அன்று வராததால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. புரொட்டெஸ்ட் (விதி மீறினார் என்ற முறையீடு) போடப்போகிறேன் என்றால் மனைவி, "பிறகு அம்மா வீட்டுக்கு எந்த முகத்தோட போறது?" என்கிறாள். அவருடைய பாய் வேறு புதிது, என்னுடையது பழசு. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: தம்பி, அந்த ரேஸுக்கு இனி ஒன்றும் செய்ய ஏலாது. 6 மீற்றருக்குக் குறைந்த படகென்றால் சிவப்புக் கொடி காட்டத் தேவையில்லை, ஆனால் சம்பவம் நடந்த கையோடு "புரொட்டெஸ்ட்" என்று அவருக்குக் கேட்கக் கத்தியிருக்க வேண்டும். எழுத்தில் கொடுக்க, உங்கள் போட்டி அறிவுறுத்தலில் வேறு நேரம் சொல்லாவிட்டால், கடைசிப் படகு முடித்து 2 மணி நேரம். நீங்கள் மூன்று கிழமை யோசித்திருக்கிறீர்கள். ஆக, இந்தத் தடவை உங்கள் மனைவி வென்றுவிட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் மச்சான் போர்ட்டில்தான் வருவார்.

கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் கச்சான் (நிலக்கடலை) கோதுகளைப் பரப்பி இரண்டு சம்பவத்தையும் ஓட்டிப் பார்த்தேன். கச்சான் காற்றில் நடந்த சண்டையைக் கச்சான் கோதில் தீர்ப்பது பொருத்தம்தானே. அதைவிட, பாதிக் கோது அச்சாகப் படகு மாதிரியே இருக்கும்.

முதல் சம்பவத்தில் நியாயம் உங்கள் பக்கம். காற்று வலப்பக்கத்தால் வந்து பாய் இடப்பக்கம் கிடந்தால் ஸ்டார்போர்ட். அதற்கு மற்றவர் விலக வேண்டும். விதிப்புத்தகத்தின் 10ஆம் விதி இது, அதில் வயதுக்கும் உறவுக்கும் இடமில்லை. "நீ திருப்பிவிட்டாய், இடிக்கவில்லை, அப்படியென்றால் குற்றம் எங்கே?" என்று மச்சான் கேட்கலாம். இடித்தால்தான் குற்றம் என்றில்லை. வழியுரிமை உள்ள படகு ஒதுங்க வேண்டிய நிலை வந்தாலே மற்றவர் விலகவில்லை என்றுதான் பொருள். நீங்கள் திருப்பியதும் சரியே. உரிமை இருக்கிறது என்று போய் இடிப்பதையும் விதி ஏற்காது.

உங்கள் கரையில் இந்தச் சந்திப்பு ஓயாமல் வரும். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, அதனால் மேல் மிதவை கரைக்குக் கிட்ட இருக்கும். பனையையும் ஹோட்டல் கூரைகளையும் தாண்டி இறங்கும் காற்று ஒரு நிலையில் நில்லாது. அது திரும்பத் திரும்ப நீங்களும் திருப்புவீர்கள், ஒரு ஏற்றத்திலேயே ஒருவர் முன்னால் ஒருவர் பல தடவை குறுக்கே போவீர்கள். விதி தெரியாமல் இருக்கக்கூடிய இடமல்ல அது.

சரி, இரண்டாவது. இதில் நீங்கள் பிழை, தம்பி. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு. லேசர் ஏறத்தாழ 4.2 மீற்றர், ஆகவே வட்டம் 12.5 மீற்றருக்குச் சற்று மேல். அந்த வட்டத்தை மச்சானுடைய படகு தொட்டபோது நீங்கள் முழுக்கப் பின்னால் இருந்தீர்கள் என்றால், மிதவையைச் சுற்றும் இடம் அவருக்குரியது. அதற்குப் பிறகு அணியத்தை உள்ளே நுழைத்தாலும் உரிமை மாறாது. "வளைவுக்குக் கிட்ட நுழைத்தேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு இடம் தர வேண்டியதில்லை, நீங்கள்தான் அவருக்குத் தர வேண்டும். அன்று புரொட்டெஸ்ட் போட்டிருந்தால், மச்சானும் பதிலுக்கு ஒன்று போட்டு, இரண்டு பேரும் தகுதியிழந்து மாமி வீட்டுக்குச் சேர்ந்தே போயிருப்பீர்கள்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'புரொட்டெஸ்ட்' என்ற சொல்லே நம்மவர் காதில் பொலிசில் முறைப்பாடு கொடுத்ததுபோல விழுகிறது. கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். மட்டையில் பட்ட பந்தை விக்கெட் காப்பாளர் பிடித்தாலும், களத்தடுப்பு அணி கேட்காவிட்டால் அம்பயர் விரலை உயர்த்த மாட்டார். கேட்க வேண்டும் என்பதே விளையாட்டின் விதி. கடற்கரையில் மச்சான் பந்து போட்டு உங்கள் காலில் பட்டால் "ஹவ்ஸாட்" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். அதற்காக நீங்கள் மாமி வீட்டுச் சோற்றை விட்டிருக்கிறீர்களா? நம்மைப் போன்ற சின்னக் கூட்டத்து ரேஸில் தண்ணீரில் அம்பயரும் இல்லை. ஓட்டுகிறவர்களே கேட்க வேண்டும், ஓட்டுகிறவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காமல் மூன்று கிழமை மனதில் வைத்திருப்பதுதான் குடும்பத்துக்கு ஆபத்து.

ஒப்புக்கொள்வதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பிழை செய்தவர் உடனே மற்றவர்களிடமிருந்து விலகி ஒரே பக்கமாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் தண்டனை முடிந்தது, கணக்குத் தீர்ந்தது. லேசரில் பழகிய கைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. மிதவையைத் தொட்டதற்கு மட்டும் என்றால் ஒரு சுற்றுப் போதும்.

அந்த ஒரு சுற்றை நான் ஒருமுறை சுற்றவில்லை. ஜிபி 14 படகு, நான் சுக்கானில், அண்ணன் முன்பாயில். மிதவையில் பின்பக்கம் இலேசாக உரசிற்று. "தொட்டிட்டாய், சுத்து" என்றார் அண்ணன். ஒருவரும் காணவில்லை என்று நான் நேரே விட்டேன். இரண்டாவதாக வந்தோம். படகைக் கரையில் ஏற்றும்வரை அண்ணன் பேசவில்லை. அடுத்த கிழமை அவர் வரவும் இல்லை. அன்று பக்கத்துப் படகிலிருந்து யாராவது கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவு நல்லதாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

இன்னொன்று, மச்சானுக்கு அதனால் வரும் நட்டமும் பெரிதில்லை. முதலாவதுக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2 என்று குறைந்த புள்ளிக்காரர் வெல்லும் முறையில், ஏழு படகுக் கூட்டத்தில் தகுதியிழந்தால் 8. தொடரின் மிக மோசமான ரேஸை நீங்களும் கழிக்கிறவர்கள் என்றால், அந்த எட்டையே அவர் கழித்துவிட்டுப் போகலாம்.

நான் உங்கள் இடத்தில் என்றால் இப்படிச் செய்வேன். சனிக்கிழமை படகைக் கட்டும்போது மச்சானிடம் போய், "மிதவையில் அன்றைக்குப் பிழை என்னுடையது, நான் சுற்றியிருக்க வேண்டும்" என்று முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, "ஏறும்போது போர்ட்டில் நீங்கள் வந்தது உங்கள் பிழை. இனிக் கத்துவேன், நீங்களும் எனக்குக் கத்துங்கள்" என்று சொல்லுங்கள். ஒழுங்கை மாற்றிச் சொன்னால் வேலை செய்யாது. ரேஸ் முடிந்ததும் ஏழு பேரும் ஒரு பிளேன்ரீயோடு கோதுகளை வைத்து அன்றைய சிக்கல்களை ஓட்டிப் பாருங்கள். பாதித் தகராறு எழுத்துக்கு வராமலே போய்விடும்.

பாயைப் பற்றி: புதுப் பாய் காற்றை எதிர்த்து ஏறும்போது கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று இடம் போனது பாயாலல்ல. காசை இப்போதைக்கு வைத்திருங்கள்.

கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி: "மீட்புப் படகு அன்று வராததால்." நீங்கள் அதைச் சாட்சி இல்லாததற்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளி கிழக்கைப் பார்த்த கரை. கச்சானில் பாய்மரம் முறிந்தாலோ, கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கை சோர்ந்தாலோ, காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, வங்காள விரிகுடாவுக்குத் தள்ளும். கரைக்குக் கிட்ட அலையே இல்லாமல் குளம்போலக் கிடக்கிறதே என்று நம்பிப் போகிறவர்களுக்குத்தான் அது நடக்கும். எஞ்சின் படகு ஒன்று தண்ணீரில் நிற்காத சனிக்கிழமை ரேஸ் வேண்டாம். மச்சான் சம்மதிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய் மாமியிடம் கொடுங்கள்.