கண்டிக்கு ஒரு நாள்: 'பக்கேஜ்' வேனை நம்பலாமா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கோத்தகிரியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வருகிறார்கள். சித்தப்பா தலவாக்கலையில் பிறந்து, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் சின்ன வயதில் இந்தியா போனவர். சித்தி சுத்த சைவம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஒரே நாளில் கண்டியைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். டிக்கட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று டவுனில் ஒரு வேன்காரர் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? எதை முதலில் பார்ப்பது?

பதில்: வேனை எடுங்கள், பக்கேஜை எடுக்காதீர்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு பஸ் ஏறி இறங்குவது பாடு. காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும், மாலையில் பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு, கண்டியிலிருந்தே நிறைந்து வரும் பஸ்ஸில் ஏறி சீட் பிடிக்க முடியாது. அதனால் வேன்தான் சரி. ஆனால் 'எல்லாம் சேர்த்து' என்ற பேச்சில்தான் வில்லங்கம். டிக்கட்டும் சாப்பாடும் அவர் கைக்குப் போனால் எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் முடிவாகிவிடும். அவர் நிறுத்தும் கடைகளில் நீங்கள் வாங்கும் பொருளில் அவருக்குக் கமிஷன் இருக்கும்.

வேனுக்கு மட்டும் தொகை பேசுங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை கிலோமீட்டர், மேலதிக கிலோமீட்டருக்கு எவ்வளவு, பார்க்கிங் காசும் சாரதியின் சாப்பாடும் யார் தலையில் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஒரு பக்கம் சுமார் 70 முதல் 75 கிலோமீட்டர். நகருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 170ஐத் தாண்டத் தேவையில்லை. புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்தால் பிறகு வாக்குவாதம் இல்லை.

ஒரு விஷயத்தைப் பேசும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: வாசனைத் திரவியத் தோட்டம் வேண்டாம், மாணிக்கக்கல் கடை வேண்டாம், பத்திக் துணிக்கடை வேண்டாம். 'வழியில்தான் இருக்கிறது, பத்து நிமிஷம்' என்பார்கள். வழியில் இல்லை. அந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் மாத்தளை வீதியிலும், கடுகண்ணாவைக்கு அப்பால் மாவனெல்லைப் பக்கத்திலும்தான். இரண்டுமே உங்கள் பாதையை விட்டு விலகியவை. நுழையக் காசில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் 'வைத்தியர்' என்று அறிமுகமாவார். ஏலக்காய், கறுவாப்பட்டை காட்டுவார், அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் ஒரு எண்ணெயை எடுத்துத் தேய்ப்பார். தேய்த்த கையோடு கடைக்குள் அழைத்துப் போவார். அந்தப் போத்தலின் விலையைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. அந்த வியாபாரமே அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் நடக்கிறது. சாதிக்காய் மரமும் கறுவாவும் பார்க்கத்தான் ஆசை என்றால் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள்ளேயே ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் இருக்கிறது. அங்கே எண்ணெய் தேய்க்க யாரும் வரமாட்டார்கள்.

நாள் எது? வார நாள் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வேண்டவே வேண்டாம். ஆடி, ஆவணியில் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களும் வேண்டாம். வீதி அடைப்பும் நெரிசலும் அம்மாவுக்கு ஒத்துவராது. புத்தரின் புனித தந்தம், அதாவது பல், இருக்கும் தலதா மாளிகையில் புதன்கிழமை நானுமுற மங்கல்ய என்ற அபிஷேகச் சடங்கு நடக்கும், மூலிகை நீர் கொடுப்பார்கள். விசேஷம்தான், ஆனால் கூட்டமும் அதற்கேற்றபடி.

காலை 5 மணிக்கு ஹட்டனை விட்டுப் புறப்படுங்கள். பேராதனையைக் கடந்துதான் கண்டிக்குள் போவீர்கள். பூங்கா 7.30க்குத் திறந்துவிடும், அங்கே இறங்க மனம் இழுக்கும். இறங்காதீர்கள். தலதா மாளிகையில் பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30 ஆகிய மூன்று வேளைதான். அந்த நேரங்களில்தான் மேல்மாடி அறையின் கதவு திறக்கும். 9.30 பூசையைத் தவறவிட்டால் மாலை வரை காத்திருக்க வேண்டும், பிறகு இரவில் கினிகத்தேனை வளைவுகளில் வர வேண்டும். ஆகவே மாளிகை முதலில், பூங்கா கடைசியில். பூங்கா திரும்பும் வழியிலேயே இருப்பதால் ஒரு அடிகூட வீணாகாது.

மாளிகையில் நடந்த 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு அதற்கு முன்னால் உள்ள வீதியில் வாகனம் விடுவதில்லை. வேனை விட்டு இறங்கி நடக்க வேண்டும், அதற்கு மேல் உடல் சோதனை வரிசை, செருப்பு வைக்கும் இடம், படிக்கட்டு. அம்மாவின் நடைக்கு இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் வையுங்கள். 8.30க்கு அங்கே இருந்தால் நிதானமாகப் போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சேலை, சுடிதார், வேட்டி எதுவும் பரவாயில்லை. பெரிய பிள்ளை அரைக் காற்சட்டையில் வந்தால் வாசலில் திருப்பிவிடுவார்கள். செருப்பைக் கழற்றிய பிறகு கல் தரை காலில் குளிரும். அம்மாவுக்குக் காலுறை போட்டு விடுங்கள். புனித தந்தத்தையே பார்க்கப் போகிறோம் என்று சித்தியிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிவது தூபி வடிவப் பொற்பேழை, அதுவும் வரிசை நகரும் சில வினாடிகளுக்குத்தான். படியேற அம்மாவால் முடியாவிட்டால் கீழ் மண்டபத்திலேயே உட்காரட்டும். பூசை நேர மேளம் அங்கேதான் அதிரும்.

வாசலுக்கு வெளியே தாமரையும் நீலோற்பலமும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். கையில் வாங்கிய பிறகு விலை கேட்டால் விலை ஏறும். முதலில் விலை, பிறகு பூ. வாவியோரம் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, 'நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலில்தான் நான் வேலை செய்கிறேன், ஞாபகம் இல்லையா?' என்பார். நீங்கள் எந்த ஹோட்டலிலும் தங்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவரின் பேச்சு காதில் விழுந்தால் இந்த வசனம் வரும். 'மாளிகை இப்போது மூடியிருக்கிறது, அதுவரை ஒரு கடை காட்டுகிறேன்' என்பது அதே கூட்டத்தின் இன்னொரு வசனம். பதில் பேசாமல் நடந்துவிடுங்கள்.

இனி சித்தப்பாவின் டிக்கட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுண்டரில்தான் மனம் நோகும். இலங்கைப் பிரஜைகளுக்கு மாளிகையில் நுழைவுக் கட்டணம் இல்லை, பூங்காவில் சிறு தொகை. வெளிநாட்டவருக்கு இரண்டு இடத்திலும் கட்டணம் உண்டு, பூங்காவில் அது நமக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. இதைத் தீர்மானிப்பது பிறந்த இடமல்ல, மொழியல்ல, கையிலிருக்கும் கடவுச்சீட்டு. தலவாக்கலைப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டிப் பயனில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவர் வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை பெற்று இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவர் உள்ளூரவர். உங்கள் சித்தப்பா அப்படியல்ல என்று நினைக்கிறேன். இந்தியா தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கில் உள்ள நாடு என்பதால் சில இடங்களில் அவருக்கும் சித்திக்கும் குறைந்த கட்டணம் உண்டு. ஆனால் கவுண்டரில் இருப்பவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். டிக்கட் கிழிப்பதற்கு முன் கேட்க வேண்டும், கிழித்த பிறகு கேட்டால் கை விரிப்பார்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படத்தை ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம். உங்கள் வீட்டார் எல்லோரும் தேசிய அடையாள அட்டையோடு வாருங்கள். சேலை கட்டித் தமிழ் பேசும் பெண்ணை 'இந்தியாவா?' என்று கேட்பது புதிதல்ல. 'நான் உள்ளூர் டிக்கட்டில் உள்ளே விட்டுவிடுகிறேன்' என்று வேன்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிபட்டு எல்லோர் முன்னாலும் தலைகுனிவது சித்தப்பாதான்.

1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்தில் அனுப்பப்பட்ட ஒருவர், பிறந்த மண்ணுக்கு வந்து வெளிநாட்டவர் வரிசையில் நிற்பது கொடுமைதான். அதை வாசலில் நிற்கும் ஊழியரால் மாற்ற முடியாது. மாளிகை, பூங்கா நிர்வாகங்கள் தங்களால் முடிந்ததையாவது செய்யலாமே! யாருக்கு எவ்வளவு கட்டணம், யாருக்குச் சலுகை என்பதை வாசலுக்கு வெளியிலேயே, தரகர் நிற்கும் இடத்துக்கு நேரே, மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பாதித் தரகருக்குப் பிழைப்பு போய்விடும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பெயர்ப்பலகைகளில் எழுத்துப் பிழையில்லாத தமிழுக்கு இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது? இப்போதைக்கு, பயணத்துக்கு முதல்நாள் இரவே சித்தப்பாவிடம் டிக்கட் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கவுண்டரில் முதல் தடவையாகக் கேள்விப்பட வேண்டாம்.

மாளிகை முடிந்து வெளியே வந்ததும் பிள்ளைகளுக்கு எண்கோண மண்டபத்தையும், 1815இல் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட அரசவை மண்டபமான மகுல் மடுவவையும் காட்டுங்கள். முன்னால் விரிந்து கிடக்கும் வாவியைக் கட்டுவித்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி, அதாவது கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். சித்தப்பாவுக்கு இதைக் கேட்கப் பிடிக்கும்.

சாப்பாட்டை 11.30க்கே முடித்துக்கொள்ளுங்கள். காரணம் பசியல்ல, பாடசாலைகள். 1.30க்கு அவை விடும்போது பேராதனை வீதி முழுக்க வாகனம் நின்றுவிடும். 12.45க்குள் நகரை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

சித்தி சைவம் என்பதால் இது முக்கியம். கறிச்சோற்றுக் கடையில் 'மரக்கறி' என்று கேட்டு வாங்கினாலும் மாசிக்கருவாடு உள்ளே இருக்கும். தேங்காய்ச் சம்பலில் மரச்சீவல் போலத் தெரியும் பழுப்புச் சில்லு அதுதான். பருப்பிலும், மல்லும் என்ற கீரைச் சுண்டலிலும் போடுவார்கள், அரைத்துப் போட்டால் கண்ணுக்கும் தெரியாது. அதை அவர்கள் மீனாகவே எண்ணுவதில்லை, அதனால் 'மீன் இருக்கிறதா?' என்று கேட்டால் இல்லை என்றே வரும். 'உம்பலகட தாலாத?' (மாசி போட்டிருக்கிறதா?) என்று சிங்களத்தில் கேளுங்கள். சந்தேகம் வேண்டாமென்றால் டி.எஸ். சேனாநாயக்க வீதியில் தோசைக்கடைக்குப் போய்விடுங்கள். கட்டுக்கலை செல்வ விநாயகரையும் கும்பிட்டுக்கொள்ளலாம். தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் அடுக்கிய தட்டைக் கேளாமலே மேசையில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழுத் தட்டையும் வாங்கியதாக நினைத்துச் சாப்பிட்டு முடிப்பார். எண்ணி வையுங்கள், பில்லோடு ஒப்பிடுங்கள்.

பூங்கா 147 ஏக்கர். முழுவதையும் பார்க்க நினைத்தால் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். உள்ளே சிறு வண்டி வாடகைக்கு உண்டு, நுழைந்தவுடனே அதைப் பேசிவிடுங்கள். ஓர்க்கிட் வீடு, புல்வெளியில் குடை விரித்த ஜாவா அத்திமரம், 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்கம், இவ்வளவும் போதும். அத்திமர நிழலில் அம்மாவையும் சித்தியையும் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை மகாவலி தொங்குபாலத்துக்குக் கூட்டிப்போங்கள். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள். ஹட்டன் குளிருக்குப் பழகியவர்களுக்குக் கண்டி வெயில் சுடும். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வேண்டும், பிற்பகல் மழைக்குக் குடையும் வேண்டும்.

3.30க்கு எல்லோரையும் பூங்காவின் மலசலகூடத்துக்கு அனுப்பிவிட்டு வேனில் ஏறுங்கள். அப்போது கிளம்பினால் கினிகத்தேனை வளைவுகளை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டலாம். வேன் காசில் பாதியைக் காலையில் கொடுங்கள். மீதியை ஹட்டனில், அம்மா வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, அந்தத் தாளையும் மீட்டர் படத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.