திருகோணமலையில் பிரிந்து வாழும் கணவர் கரண்ட் பில்லும் கட்டுவதில்லை, பிள்ளைகளுக்கும் செலவு தருவதில்லை, என்ன செய்யலாம்?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். மின்சார சபைக்கு உங்கள் குடும்பச் சண்டை தெரியாது. பில் யார் பெயரில் வருகிறதோ அவரிடம்தான் பாக்கியைக் கேட்பார்கள், ஆனால் சிவப்பு நோட்டீஸ் வந்து லைனை வெட்டினால் இருட்டில் இருக்கப்போவது பிள்ளைகள், அதனால் முடிந்தால் இப்போதைக்கு நீங்களே கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளைச் செலவுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், வசதியிருந்தும் கவனிக்காத அப்பாவோ அம்மாவோ மாதாமாதம் பணம் தரும்படி கட்டளையிடலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முஸ்லிம் குடும்பமென்றால் காதி நீதிமன்றம். கரண்ட், தண்ணி, டியூஷன், பஸ் காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் மட்டும் சொன்னால் போதாமல் போகலாம். லோயருக்குக் காசில்லையா, சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். அப்புறம், காசு தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று மட்டும் நிற்காதீர்கள், அது தனி விஷயம்.